விட்டுக்குடுத்துருங்க சார்

கயல் தனக்கு ஒரு கைடு தேட ஆரம்பித்தபோது, கைடுகள் எல்லாரும் தன்னைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பில் ஆரம்பித்தாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது. உளவியலில் எம்.எஸ்ஸி. முடித்து, நெட் தேர்வை முதல் தடவையிலேயே தாண்டி, பெட்டியோடு சொந்த ஊரான மார்க்கையன்கோட்டைக்கு வந்து இறங்கியவளுக்குத் தலையில் கொஞ்சம் கனம் இருக்கத்தான் செய்யும். பிஎச்.டி. படிக்க வேண்டும். அதற்கு ஒரு பேராசிரியர் கைடாக இருக்கச் சம்மதிக்க வேண்டும். அந்தச் சம்மதத்தை நாமே மெயில் எழுதிக் கேட்டு வாங்க வேண்டும். இவ்வளவுதானே என்று நினைத்தாள்.

வீட்டில் இதை விளக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. காலேஜில் சேருவதற்குக் காலேஜுக்குத்தானே அப்ளிகேஷன் போட வேண்டும், வாத்தியாருக்கு எதற்குப் போட வேண்டும் என்று அப்பா சுருளிராஜன் கேட்டார். அவர் வாழை விவசாயி. எதையும் இரண்டு தடவை கேட்டுத்தான் நம்புவார். அம்மா பவானி அங்கன்வாடியில் வேலை பார்ப்பவள். அவளுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. மாப்பிள்ளை பார்க்கிற மாதிரிதான், முதலில் ஜாதகம், பிறகுதான் மண்டபம் என்று புருஷனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அந்த உதாரணம் கயலுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதைவிடத் தெளிவாக அவளாலும் சொல்ல முடியவில்லை.

கூடப் படித்த திரிஷா சென்னையில் இருந்தாள். அவளும் கைடு தேடிக்கொண்டிருந்தாள். தான் எழுதி வைத்திருந்த மெயிலை அனுப்பி, பேரை மட்டும் மாற்றி எல்லாருக்கும் தட்டிவிடு, நான் அப்படித்தான் ஊரில் உள்ள பேராசிரியர்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறேன் என்றாள். கயல் அதைப் படித்தாள். 'தங்களுடைய ஆராய்ச்சி என்னைப் பெரிதும் கவர்ந்தது' என்று ஆரம்பித்து, எந்த ஆராய்ச்சி என்று கடைசிவரை சொல்லாத மெயில் அது. கல்யாணப் பத்திரிகையில் பேரெழுதுகிற இடத்தைக் காலியாக விட்டுக் கொடுப்பதைப் போல இருந்தது. திரிஷாவிடம் அதைச் சொல்லவும் செய்தாள். திரிஷா கோபித்துக்கொள்ளவில்லை, எத்தனை பேர் பதில் போடுகிறார்கள் என்று நீயே பார் என்று சிரித்தாள்.

கயல் ஆறே ஆறு பேரைத்தான் தேர்ந்தெடுத்தாள். ஒவ்வொருவருடைய கட்டுரைகளையும் உட்கார்ந்து படித்தாள். பிறகு, தான் செய்ய நினைக்கும் ஆராய்ச்சியை எழுதினாள். அது அவள் பிறந்து வளர்ந்த ஊரின் வழக்கம் ஒன்றைப் பற்றியது.

வாழை வெட்டுக்கு வரும் சமயத்தில் வியாபாரி தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க வருவார். பிடித்திருந்தால் வரப்போரத்து மரத்தில் ஒரே ஒரு தாரை வெட்டி வண்டியில் போட்டுக்கொண்டு போவார். விலை பேசி முடித்திருக்கலாம், பேசாமலும் இருக்கலாம். எழுத்து கிடையாது, கையெழுத்து கிடையாது. அன்றிலிருந்து தோட்டம் அவருடையது. அடுத்த நாள் இன்னொருவர் கூடுதல் விலையோடு வந்து நின்றாலும், 'தார் வெட்டியாச்சு' என்று சொன்னால் போதும், காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். வெட்டியவர் சொன்னபடி வராமல் இழுத்தடித்தால் அதற்கும் ஒரு வழி உண்டு. தோட்டக்காரர் நேரில் போய், 'தோட்டத்த விட்டுக்குடுத்துருங்க' என்று கேட்க வேண்டும். அவர் 'விட்டாச்சு' என்று வாயால் சொன்ன பிறகுதான் அடுத்த ஆளிடம் பேசலாம். கைக்கு எட்டிய லாபத்தை விட்டுவிட்டு மனிதர்கள் ஏன் இப்படி ஒரு பேச்சுக்குக் கட்டுப்படுகிறார்கள், மனசுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் கயலின் கேள்வி. எம்.எஸ்ஸி. படிக்கும்போதே கம்பம், சின்னமனூர் பக்கம் விவசாயிகளிடம் பேசி இதைப் பற்றிச் சின்னதாக ஒன்று எழுதியிருந்தாள்.

மெயிலை அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். ஒருவர் போன வருஷமே ஓய்வு பெற்றுவிட்டதாகப் பதில் வந்தது. ஒருவர் நெட் மதிப்பெண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு அதோடு காணாமல் போனார். இரண்டு பேரிடமிருந்து சத்தமே இல்லை. அவள் முதன்முதலாக எழுதியது, ராத்திரி தூக்கத்தில்கூட 'இவரிடம் படிக்க வேண்டும்' என்று ஆசைப்பட்டது, சென்னையில் இருந்த ஜோதிலட்சுமி என்ற பேராசிரியருக்கு. அங்கிருந்தும் பதில் இல்லை.

பதில் போட்டது மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் இருந்த சசிதரன். இரண்டே வரி. சுவாரசியமாக இருக்கிறது, இரண்டு பக்கத்துக்கு விரிவாக எழுதி அனுப்புங்கள். கயல் அன்றைக்கே அனுப்பினாள். ஒரு வாரத்தில் வீடியோ காலில் வந்தார். நரைத்த தாடி, நல்ல சிரிப்பு. கோயம்புத்தூரில் படித்தவர் என்பதால் தமிழ் தடையில்லாமல் வந்தது. அரை மணி நேரம் அவள் பேசியதைத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, கடைசியில், "நல்ல டாபிக். செய்யலாம் கயல், நாம செய்யலாம்" என்றார்.

கயல் போனை வைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடினாள். கைடு கிடைத்துவிட்டார் என்று அம்மாவிடம் சொன்னாள். சாயங்காலம் அப்பா தோட்டத்திலிருந்து வந்ததும் அவரிடமும் சொன்னாள். அவர் கை கால் கழுவிக்கொண்டே, பேச்சு முடிந்துவிட்டதா என்று ஒரு தடவையும், முடிந்தே விட்டதா என்று இன்னொரு தடவையும் கேட்டார். முடிந்துவிட்டது என்று கயல் சொன்னாள். அவள் மனசுக்குள் வரப்போரத்துத் தாரை வெட்டி வண்டியில் ஏற்றியாகிவிட்டது. தான் ஆராய்ச்சி செய்யப்போகிற வழக்கத்துக்குள்ளேயே தான் நின்றுகொண்டிருப்பது மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. மனசைப் படித்தவர்களுக்குத் தங்கள் மனசு கடைசியாகத்தான் புரியும் போலிருக்கிறது.

ஜூலை மாதம் ஜோதிலட்சுமியின் பதில் வந்தது. மலைக்கிராமங்களில் களப்பணியில் இருந்ததால் மெயிலே பார்க்கவில்லை, மன்னிக்கவும் என்று ஆரம்பித்து நீளமாக எழுதியிருந்தார். கயல் அனுப்பிய எம்.எஸ்ஸி. ஆய்வையும் வரிவரியாகப் படித்திருந்தார். பாராட்டு ஒன்றும் இல்லை. 'நீங்கள் பேசிய விவசாயிகள் எல்லோரும் வாக்கைக் காப்பாற்றியவர்களாகவே இருக்கிறார்கள். மீறியவர் ஒருவரையும் ஏன் தேடவில்லை? மீறியவருக்கு ஊர் என்ன செய்தது? உங்கள் ஊர்மேல் உள்ள பாசத்தில் அவர்களை விட்டுவிட்டீர்களோ?' என்று கேட்டிருந்தார். கடைசியில், தன்னிடம் ஓர் இடம் இருக்கிறது, முடிவு செய்வதற்கு முன் நேரில் பேச வேண்டும், அடுத்த வாரம் சென்னைக்கு வர முடியுமா என்று எழுதியிருந்தார்.

கயலுக்கு முகம் சூடேறியது. கோபம் பாதி, சந்தோஷம் பாதி. இந்த அம்மாள் கேட்டது நியாயமான கேள்வி. மீறியவர்கள் இல்லாமலா இருக்கிறார்கள்? உத்தமபாளையத்தில் ஒருவர் உண்டு. அவர் பேரை எடுத்தாலே அப்பா பேச்சை மாற்றுவார். அவரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஏன் தனக்குத் தோன்றவில்லை? பதில் எழுத விரல்கள் துடித்தன. சென்னைக்கு அன்றைக்கே பஸ் ஏறியிருப்பாள்.

ஆனால் ஏறவில்லை. வேறு ஒரு பேராசிரியரிடம் பேச்சு முடிந்துவிட்டது, இரண்டு பேரிடம் பேசுவது முறையில்லை, தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதி அனுப்பிவிட்டாள். அனுப்பிவிட்டுத் தோட்டத்து மோட்டார் ரூம் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் அழுதாள். அழுதது தெரியக்கூடாதென்று அங்கேயே முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

சுருளிராஜனுக்கு இதைக் கேட்டதும் பெருமை தாங்கவில்லை. அந்த வருஷம்தான் அவரும் அதே மாதிரி ஒன்றைச் செய்திருந்தார். வியாபாரி கோட்டைச்சாமி தார் வெட்டிவிட்டுப் போன மறுநாளே கம்பத்திலிருந்து வேறொருவர் நல்ல விலையோடு வந்தார். சுருளிராஜன் அவரை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டு அனுப்பினாரே தவிர, தோட்டத்தைக் காட்டவில்லை. மகளும் தன்னைப் போலவே இருக்கிறாள் என்று அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பவானிதான் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அந்த சார் உனக்கு என்ன சொன்னாக? நல்லாருக்கு, செய்யலாம்னாக. எங்க சூப்பர்வைசரம்மா வாராவாரம் வந்து அங்கன்வாடிக்குப் புதுக்கட்டடம் கட்டலாம்னுதான் சொல்லுறாக. நான் என்ன கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகையா அடிச்சேன்? அந்த வழக்கமெல்லாம் வாழைக்குத்தா. வாத்தியாருக்கு இல்ல."

கயல் அம்மாவோடு மல்லுக்கு நின்றாள். படித்த மனிதர் ஒருவர் அரை மணி நேரம் கேட்டுவிட்டு, செய்யலாம் என்று சொன்னால் அதற்கு அர்த்தம் இல்லையா என்று கேட்டாள். அர்த்தம் இருக்கிறதா இல்லையா என்பதை நீ அவரிடம்தான் கேட்க வேண்டும், என்னிடம் கேட்டு என்ன பிரயோஜனம் என்று பவானி வடிகஞ்சியை இறுத்துக்கொண்டே சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு சசிதரனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கயல் நினைவூட்டி ஒரு மெயில் போட்டாள். இன்னொன்றும் போட்டாள். அவர் பிஸியாக இருப்பார் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆவணி பிறந்த சமயத்தில் திரிஷா போன் பண்ணினாள். ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு, பேச்சோடு பேச்சாக, கேரளத்தில் ஒருவரிடம் தானும் பேசியிருப்பதாகச் சொன்னாள். பேர் சசிதரன். தங்கமான மனிதர். அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டார்.

கயல் மெதுவாக, கடைசியில் என்ன சொன்னார் என்று கேட்டாள்.

"நல்ல டாபிக், செய்யலாம், நாம செய்யலாம்னார். அவர் எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்வாராம்டி. அங்க படிக்கிற பொண்ணே சொன்னா. யாரையும் மனசு நோகடிக்க மாட்டாராம். நான் அதை நம்பியா இருக்கேன்? ஒன்பது இடத்துல போட்டு வச்சிருக்கேன். நீ எங்கெங்க போட்டிருக்க?"

கயல் ஓரிடத்திலும் போடவில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, இருந்தாலும் சொன்னாள். ஜோதிலட்சுமியின் இடத்தை வேண்டாம் என்று எழுதியதையும் சொன்னாள். மறுமுனையில் திரிஷா, இப்போதே அந்த அம்மாளுக்கு மெயில் போடு, இன்னும் நாள் இருக்கிறது, அவர்கள் துறையில் இன்னும் லிஸ்ட் வரவில்லை, காலில் விழுந்தாவது கேள் என்று பொரிந்து தள்ளினாள்.

கயல் மெயிலைத் திறந்தாள். 'மதிப்பிற்குரிய மேடம்' என்று ஆரம்பித்துவிட்டு நின்றாள். ஏமாந்துவிட்டோம் என்ற எரிச்சல் ஒரு பக்கம். இந்த வருஷம் போய்விடுமோ என்ற பயம் இன்னொரு பக்கம். ஆனாலும் அடுத்த வரியை எழுதக் கை வரவில்லை. சசிதரன் இன்னும் இல்லை என்று சொல்லவில்லை. அவர் பக்கம் அது வெறும் பேச்சாக இருக்கலாம். தன் பக்கம் அது முடிந்த பேச்சு. இத்தனை விவசாயிகளை உட்காரவைத்து, நஷ்டம் வந்தாலும் ஏன் வாக்கு மாறவில்லை என்று கேட்டுக் கேட்டு எழுதியவள், தனக்கு நஷ்டம் என்றதும் பின்வாசல் வழியாக நழுவினால் அப்புறம் என்ன மூஞ்சியை வைத்துக்கொண்டு அந்த ஆராய்ச்சியைச் செய்வது? தோட்டக்காரர்களுக்கு உள்ள வழி தனக்கும் இருக்கிறது என்று முடிவுக்கு வந்தாள். நேரில் போய்க் கேட்டுவிட வேண்டியதுதான்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் தானும் கூட வருவதாகச் சொன்னார். வாழை விவகாரம் என்றால் வரலாம், இது என் விவகாரம் என்று கயல் தடுத்துவிட்டாள். பவானி விடிவதற்குள் எழுந்து புளிச்சாதம் கட்டிக் கொடுத்தாள். பைத்தியக்காரத்தனத்துக்கும் சாப்பாடு வேண்டுமே என்று அப்பாவிடம் அவள் சொன்னது கயலுக்கும் கேட்டது.

சின்னமனூரில் பஸ் ஏறி, கம்பத்தில் மாறி, ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகும் ஜீப்புகளின் பின்னாலேயே மலையேறி, குமுளியில் கேரளத்து பஸ் பிடித்து, முண்டக்கயம் தாண்டி மத்தியானத்துக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். வழியெல்லாம் மழை. சசிதரனின் அறை இரண்டாவது மாடியில் இருந்தது. கதவு திறந்தே இருந்தது. பரீட்சைத் தாள்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவர், நனைந்துபோய் நின்ற பெண்ணைப் பார்த்ததும் எழுந்து மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காரச் சொன்னார். பேரைச் சொன்னாள். அவருக்கு நினைவு வர நேரமாயிற்று. வந்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"வாழைத்தோட்டம். ஆமா. ரொம்ப நல்ல டாபிக்."

கயல் வந்த காரியத்தைச் சுற்றிவளைக்காமல் சொன்னாள். ஜூன் மாதம் நாம் இதைச் செய்யலாம் என்று அவர் சொன்னதை, தன்னை எடுத்துக்கொண்டதாகவே வைத்துக்கொண்டு வேறு இடத்தில் மறுத்துவிட்டதாகச் சொன்னாள். இப்போதும் அவருக்கு எடுத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் தான் இங்கேயே இருப்பதாகவும் சொன்னாள்.

"அப்படி இல்லைன்னா விட்டுக்குடுத்துருங்க சார். நீங்க வாயால சொல்லிட்டீகன்னா நான் வேற இடத்துல கேப்பேன். நீங்க சொல்லாம கேக்க முடியாது."

சசிதரன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். கேலி செய்கிறாளா என்று பார்ப்பது போல இருந்தது. இல்லை என்று தெரிந்ததும் பதறிப்போனார். தான் அப்படி நினைத்துச் சொல்லவில்லை, பேசுகிறவர்களுக்கு உற்சாகமாக ஒரு வார்த்தை சொல்வது தன் வழக்கம், யாரும் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள், எல்லாரும் பத்து இடத்தில் போடத்தானே செய்கிறார்கள் என்றார். இந்த வருஷம் இருந்த ஓர் இடத்தை ஏற்கெனவே தன்னிடம் வேலை பார்த்த மாணவனுக்குக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னார். சொல்லிவிட்டு மன்னிப்புக் கேட்டார். டீ வரவழைத்தார்.

"விடுறதுக்கு என்ன இருக்கு கயல்? உன்னை யாரும் பிடிச்சு வைக்கலையே."

"சொல்லிருங்க சார்."

"சரி. விட்டாச்சு."

கயல் டீயைக் குடித்தாள், நன்றி சொன்னாள், படியிறங்கினாள். அவர்மேல் கோபப்பட முடியவில்லை. அதுதான் அவளுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. நல்ல மனிதர். தான் இரண்டு மாதமாகத் தூக்கிச் சுமந்த பேச்சு அவரிடம் ஒரு காகிதத்தின் கனம்கூட இல்லாமல் கிடந்திருக்கிறது. அவமானமாக இருந்தது. ஆனால் காலில் கட்டியிருந்த எதையோ அவிழ்த்துவிட்ட மாதிரி நடை லேசாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து எப்படி வரும் என்று யோசித்துக்கொண்டே வாசலில் இருந்த பஸ் நிறுத்தத்துக்கு வந்தாள். மழை விட்டிருந்தது. அங்கேயே நின்று ஜோதிலட்சுமிக்குப் போன் செய்தாள். நம்பர் அந்த மெயிலில் இருந்தது.

ஜோதிலட்சுமி உடனே எடுத்தார். பேரைச் சொன்னதும் தெரிந்துகொண்டார். கயல் தான் இப்போது யாருக்கும் கட்டுப்பட்டவள் இல்லை என்றும், இடம் இன்னும் இருந்தால் பேச வருவதாகவும் சொன்னாள்.

"நேத்துதான் அந்த இடத்தை ஒருத்தருக்குத் தரேன்னு சொன்னேன்" என்றார் அவர். "ஆர்டர் இன்னும் போகல. திங்கட்கிழமை கமிட்டிக்குப் பிறகுதான் போகும்."

ஆர்டர் போகவில்லை. திரிஷாவாக இருந்தால் இந்த இடத்தில் விடமாட்டாள். தன்னுடைய மதிப்பெண் நல்ல மதிப்பெண். தன்னுடைய கேள்வியை இந்த அம்மாள் வரிவரியாகப் படித்திருக்கிறார். கேட்டால் ஒருவேளை கிடைக்கலாம். ஒரு வருஷம் மிச்சம். முகம் தெரியாத அந்த ஒருத்தர் இன்றைக்கு வீட்டில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார். அடுப்படிக்கு ஓடியிருப்பாரோ என்னவோ.

"சொல்லிட்டீகளா மேடம்?"

"சொல்லிட்டேன்."

"அப்ப இருக்கட்டும் மேடம்."

இந்த வருஷம் போயிற்று. பஸ் நிறுத்தத்துத் தூணைப் பிடித்துக்கொண்டாள். ஜோதிலட்சுமி ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. ஜனவரியில் ஓர் இடம் வரலாம் என்றார். வரும் என்று தான் சொல்ல மாட்டேன் என்றார். வந்தாலும் அது உங்களுக்குத்தான் என்றும் சொல்ல மாட்டேன், எல்லாரையும் போல அப்ளை செய்யுங்கள் என்றார். பிறகு, பின்னால் மலையாளச் சத்தமாகக் கேட்கிறதே, எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். கயல் தான் வந்த காரியத்தைச் சொன்னாள். கிறுக்கி என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அவர் சிரிக்கவில்லை.

"போன்ல கேட்டு அவர் விட்டேன்னு சொன்னா, விட்டதா ஆகாதா?"

"ஆகாது மேடம்."

"ஏன்?"

இந்த வழக்கத்தைப் பற்றி இதுவரை யார் எதைக் கேட்டாலும் கயலிடம் பதில் இருந்தது. எத்தனை விவசாயிகள், எத்தனை வியாபாரிகள், எத்தனை பக்கங்கள். தார் வெட்டியதைக்கூட இப்போதெல்லாம் போனில் சொல்லிக்கொள்கிறார்கள். விடச் சொல்வதற்கு மட்டும் நேரில் போகிறார்கள். ஏன் என்று அவள் ஒருவரிடமும் கேட்டதில்லை. அது கேட்கவேண்டிய கேள்வி என்றே தோன்றியதில்லை. அவளும் இன்றைக்குப் போனில் கேட்காமல் இத்தனை பஸ் மாறி வந்து நிற்கிறாள்.

"தெரியல மேடம்."

"சரி" என்றார் ஜோதிலட்சுமி. "பாத்துப் போங்க. அங்க மழை நிறைய பெய்யுதுன்னு நியூஸ்ல சொன்னாங்க." போனை வைத்துவிட்டார்.

திரும்பி வந்த பஸ்ஸில் கயலுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. புளிச்சாதத்தைப் பிரித்துச் சாப்பிட்டாள். மனசு கெட்டுப்போயிருந்தாலும் பசி கெடவில்லை. ஏன் நேரில், ஏன் நேரில் என்று வழிநெடுகத் தனக்குள் கேட்டுக்கொண்டே வந்தாள். விடுகிறவன் முகத்தைப் பார்க்க வேண்டுமா? கேட்கிறவன் தன் முகத்தைக் காட்ட வேண்டுமா? சசிதரன் 'விட்டாச்சு' என்று சொன்னபோது தனக்குள் என்ன நடந்தது? ஒவ்வொரு வளைவிலும் ஒரு பதில் தோன்றி, அடுத்த வளைவில் அது சரியில்லை என்று பட்டது. குமுளி வந்ததுகூடத் தெரியவில்லை. கண்டக்டர் வந்து சொல்லித்தான் இறங்கினாள். மலையிறங்கும்போது கீழே கம்பத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. ஒரு வருஷத்தைத் தொலைத்துவிட்டு வருகிறவளுக்கு இவ்வளவு சுறுசுறுப்பு இருக்கக்கூடாதே என்று அவளுக்கே தோன்றியது. ஆனால் இருந்தது.

சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில் சுருளிராஜன் பைக்கோடு நின்றுகொண்டிருந்தார். மகளின் முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாமல் பையை வாங்கி டேங்கின் மேல் வைத்தார்.

"அந்த சார் விட்டுட்டாகளா?"

"விட்டுட்டாக."

"அந்த மெட்ராஸ் டீச்சரம்மாகிட்ட கேட்டியா? எடம் கெடச்சிருச்சா?"

"கெடைக்கலப்பா. நேத்துத்தான் வேற ஆளுக்குச் சொல்லிட்டாகளாம்."

சுருளிராஜனுக்குச் சுருக்கென்றது. தோட்டத்தில் வந்த நஷ்டத்தை அவர் சிரித்துக்கொண்டே தாங்கியவர். இது மகளுடைய ஒரு வருஷம். பவானி சொன்னதுதான் சரியோ, பிள்ளையை நாம்தான் ஏற்றிவிட்டோமோ என்று முதல் தடவையாக அவருக்குப் பயம் வந்தது. பெறகு என்னத்தா செய்யிறது என்று சன்னமாகக் கேட்டார்.

"ஜனவரில அப்ளிகேஷன் போடுவேன். அங்கன எடம் வராட்டி அதுக்கு அடுத்து வர்றப்ப போடுவேன். நான் அவுககிட்டதாப்பா படிக்கப்போறேன். அதுக்குள்ள உத்தமபாளையத்துல ஒருத்தரப் பாக்கணும். நீங்க பேரச் சொன்னாலே பேச்ச மாத்துவீகள்ல, அவரத்தா."

சுருளிராஜன் அந்த உத்தமபாளையத்துக்காரர் விஷயத்தைக் காதில் போட்டுக்கொள்ளாதவர் போல வண்டியின் கண்ணாடியைத் துடைத்தார். அவருக்கு வேறொன்று தெரிய வேண்டியிருந்தது.

"உன்னயத்தா எடுத்துக்கிருவேன்னு அந்தம்மா சொன்னாகளா?"

"அவுக சொல்லலப்பா" என்றாள் கயல். "நான் சொல்லுறேன்."

அவர் அதை இரண்டாவது தடவை கேட்கவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்தார், கயல் பின்னால் ஏறி உட்கார்ந்தாள், இருவரும் மார்க்கையன்கோட்டை ரோட்டில் வீட்டுக்குப் போனார்கள்.